மாமா கூட்டிச் சொன்ன உயரம்

எங்கள் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே ஐம்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று சொன்னவள் நான். டீச்சர் கேட்டது கடல் மட்டம் என்றால் என்ன என்று மட்டும்தான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! டீச்சர் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, யார் உனக்குச் சொன்னது என்றார்கள். எங்கள் மாமா, மெஷினிலேயே மைனஸ் ஐம்பது என்று காட்டுகிறது மிஸ், என்றேன். வகுப்பே சிரித்தது. ஒருவன் பெஞ்சுக்கு அடியில் குனிந்து மீன் தேடினான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. டிப்ளமோ சிவில் படித்துவிட்டு, படித்ததற்கு வேலை கிடைக்காமல் ஒரகடத்தில் ஒரு கம்பெனி அசெம்பிளி லைனில் இரண்டு வருஷம் நின்று, பிறகு ஒரு சர்வே காண்ட்ராக்டரிடம் சேர்ந்தவர். வல்லக்கோட்டைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் மழைநீர்க் கால்வாய் வெட்டப்போகிறார்கள், அதற்கு மட்டம் பார்க்கும் வேலை என்று வந்து, எங்கள் வீட்டு முன்னறையில் பாயைப் போட்டார். காதில் எப்போதும் ஒரு பென்சில். கையில் ஆளுயரத்துக்கு ஒரு கம்பி, அதன் தலையில் காளான் குடை பிடித்தது போல ஒரு வெள்ளைப் பெட்டி. அந்தப் பெட்டி சாட்டிலைட்டோடு பேசும் என்றார் மாமா. அன்று முதல் எங்கள் தெருப் பிள்ளைகளில் நான்தான் பெரிய ஆள்.

அவருக்கு ஒரு பழக்கம். போகும்போதும் வரும்போதும் என்னிடம் ஏதாவது கேள்வி கேட்பார். ஏரி எந்தப் பக்கம், தெருவில் மேடு எது, குழாயடித் தண்ணீர் வழிந்தால் எந்தப் பக்கம் ஓடும், இப்படி. சரியாகச் சொன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்து உள்ளங்கையில் வைப்பார். தப்பாகச் சொன்னால் அதை எனக்கு எதிரிலேயே பிரித்துத் தான் தின்பார். மனுஷனுக்கு இரக்கமே கிடையாது. அதனாலேயே நான் ஊரில் ஓடும் தண்ணீரையெல்லாம் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வகுப்பில் மீன் தேடிய பையன் எதிர் வீட்டு அத்தையின் பிள்ளை. நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி தம்பியின் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"டேய், இவ சொல்றது நெசமாடா? கடலுக்குக் கீழயா நம்ப வூடு கீது? அதான் அன்னிக்கு அம்மாந் தண்ணி வந்துச்சா?"

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள், ஆனால் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் மாமாவும் சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கா, அந்த மெஷினுக்குக் கடலும் தெரியாது, ஏரியும் தெரியாது. பூமின்னா மழமழன்னு ஒரு உருண்ட, மேலயும் கீழயும் லேசா அமுக்கி வுட்ட உருண்டன்னு அதுக்கு நெனப்பு. அந்த உருண்டையிலேர்ந்து நாம எவ்ளோ எறக்கத்துல கீறோம்னு சொல்லுது. அவ்ளோதான்."

அப்படியானால் கடல் எங்கே என்று அம்மா விடவில்லை. மாமா எழுந்துபோய் அடுப்படியிலிருந்து தோசைக்கல்லை எடுத்துவந்தார். நடுவில் குழிந்துபோன பழைய கல். எண்ணெய் ஊற்றினால் எல்லாம் நடுவில்தான் போய் நிற்கும், ஓரம் காய்ந்து கருகும். கடலும் அப்படித்தான் என்றார். பூமிக்குள்ளே எல்லா இடத்திலும் கனம் ஒன்றாக இல்லையாம். கனம் கூடின இடத்தில் இழுவை கூடி, தண்ணீர் மேடு கட்டி நிற்குமாம். குறைந்த இடத்தில் தணிந்து கிடக்குமாம். உலகத்திலேயே நம் பக்கத்துக் கடல்தான் நன்றாகத் தணிந்து கிடக்கிறது, அந்த உருண்டைக்கு எண்பத்திச் சொச்சம் மீட்டர் கீழே. ஆகவே மெஷின் காட்டுகிற மைனஸ் ஐம்பதோடு அந்த எண்பத்திச் சொச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினால் கடலுக்கு மேலே முப்பதுக்குக் குறையாமல் குந்திக்கொண்டிருக்கிறோம் என்று முடித்தார்.

"என் கல்ல கொற சொல்லாம உன்னால ஒண்ணு பேச முடியாதே" என்று அம்மா கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனாள். கொஞ்சம் தெம்பு வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ராத்திரி விளக்கணைத்த பிறகு அப்பாவிடம், "எண்பத கூட்டிக்கணும்னு இவனுக்குத் தெரியும், தண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெருமழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்குள் புகுந்தது. அப்பா கம்பெனியில் மாட்டிக்கொண்டார். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்றாள். அவள் இடுப்புவரைக்கும் தண்ணீர். விடிந்து ஆட்கள் வரும்வரைக்கும் அப்படியே நின்றாள். அதிலிருந்து வானம் கறுத்தாலே அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றுவாள். ரேஷன் கார்டையும் என் புத்தகப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். அப்பா படு என்றால் படுக்கமாட்டாள். மழைக்காலத்தில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை குன்றத்தூருக்குப் போய்விடுவது. அங்கே மலை இருக்கிறது, சின்னதானாலும் மலைதான், தண்ணீர் வந்தால் முருகன் காலடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்பாள். அப்பா அதிகம் பேசாத மனிதர். "கம்பெனி பஸ்ஸு அங்க வராது" என்பதோடு முடித்துக்கொள்வார். பஸ் வராத இடத்தில் மனிதன் எப்படி வாழ்வான் என்பது அவருடைய வாதம். எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தை விற்ற பணத்தில் அதே மனையில் புது வீடு கட்டுவது என்று அவர் முடிவு செய்தபோது, அம்மா மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் மாமா. கால்வாய்க்காக, ஏரி நிரம்பி வழிகிற கலங்கலின் உயரம், தெருவின் உயரம், பெருமழையில் தண்ணீர் நின்ற உயரம் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் என் கைக்குள் இருக்கிறது என்றார். கால்வாய் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ஓடப்போகிறது. ஏரி வழிந்தால் தண்ணீர் முன்தெருவுக்கு வராமல் அதில் விழுந்து, கிழக்கே ஓடையில் போய்ச் சேர்ந்துவிடும். போதாததற்குப் புது வீட்டின் பேஸ்மட்டத்தை மூன்றடி ஏற்றினால் போதும். அதற்குமேல் ஏற்றுவது காசைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டுவது.

அப்பா ஐந்தடி என்றார். அது அவர் மனசுக்குத் தோன்றியது, கணக்கொன்றும் இல்லை. மாமா அம்மாவின் தலையில் கை வைத்தார்.

"உன் வாசப்படியில மூணாவது படி நனையாதுக்கா. இது உன் மேல சத்தியம்."

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பிறந்த வீட்டில் படித்தவன் ஒருவன் இருக்கிறான் என்ற பார்வை. "என் தம்பி சொன்னா சொன்னதுதான், மூணடியே போடுங்க" என்றாள். குன்றத்தூர்ப் பேச்சு அன்றோடு நின்றது. வீடு மூன்றடியில் எழும்பியது.

இந்த உயரமெல்லாம் மாமாவுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை அவரே பெருமையாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குன்றத்தூர்ப் பக்கம் உயரம் பொறித்த பழைய கல் ஒன்று இருக்கிறது. அதன் மேல் பெட்டியை வைத்து, மெஷின் சொல்வதற்கும் கல் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டார். அதுதான் அந்த எண்பத்திச் சொச்சம். அந்த ஒரு எண்ணை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, பார்க்கிற இடத்திலெல்லாம் கூட்டினார். பழைய முறையில் செய்தால் அங்கிருந்து இங்கே வரைக்கும் முக்காலியில் கண்ணாடி வைத்து, அளவுகோல் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மட்டத்தைச் சுமந்துகொண்டு நடந்தே வரவேண்டும். காண்ட்ராக்டர் அதற்கெல்லாம் நேரம் தரமாட்டார், தினமும் போனில் கத்துவார். பெட்டி இருக்கும்போது நடப்பானேன் என்றார் மாமா. அப்பாவும் தலையாட்டினார்.

கால்வாய் போகும் வழியில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், முன்பு நெல் விளைந்த பள்ளத்தில் வரிசையாகத் தகர ஷெட் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எல்லாம் வடக்கிலிருந்து வந்த பையன்கள், கம்பெனி வேலைக்காரர்கள். நான் பள்ளிக்கூடம் போகும் வழி அதுதான். பட்டப்பகலில் எல்லாக் கதவிலும் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கும். ஆனால் உள்ளே குறட்டைச் சத்தம் கேட்கும். ஒரு பச்சைக் கதவுக்குப் பின்னாலிருந்து போனில் பாட்டுக்கூடக் கேட்கும், நமக்குப் புரியாத பாஷையில். பேய்தான் பாடுகிறது என்று நாங்கள் கல்லை விட்டெறிந்துவிட்டு ஓடுவோம். ஒருநாள் அப்படி எறிந்தபோது உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். பேய்க்கு அவ்வளவு நல்ல சிரிப்பு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மாமாவிடம் கேட்டேன். "அது பேயில்ல பாப்பா, நைட் ஷிஃப்ட்டு" என்றார். ராத்திரி முழுக்க லைனில் நின்றுவிட்டு வந்து விழுகிறவன் பிணம் மாதிரித் தூங்குவான். யாராவது உள்ளே வந்து போனையும் துணியையும் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. அதனால் பகல் ஷிஃப்ட்டுக்குப் போகிற கூட்டாளி வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவான். சாயந்திரம் அவன் வந்து திறக்கும்போது இவன் எழுந்து கிளம்புவான். நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் பூட்டின ரூமில் தூங்கினேன், அதைப்போல நிம்மதியான தூக்கம் அப்புறம் வாய்க்கவில்லை என்று மாமா சொன்னார். எனக்கு அது ரொம்ப வேடிக்கையாக இருந்தது.

புது வீட்டில் பால் பொங்கியது. முருகன் படம் மாட்டினோம். கால்வாயும் வெட்டி முடிந்து, மாமா அடுத்த வேலைக்குப் பென்னலூர்ப் பக்கம் போய் அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டார். முதல் தூறல் விழுந்தபோது நான் அம்மாவைத்தான் கவனித்தேன். அரிசி டிரம் தரையில் இருந்தது. அம்மா பாயை விரித்து, காலை நீட்டிப் படுத்தாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு மழைச் சத்தத்தில் அம்மாவின் குறட்டையைக் கேட்டேன். அப்பா அவளை எழுப்பிவிடக் கூடாது என்று கழிவறைக்குக்கூட மெதுவாக நடந்து போனார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். அன்று காலை அப்பா முதல் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். முன்தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. எதிர் வீட்டு அத்தை பீரோவைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அம்மா எங்கள் வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, "இன்னாத்துக்கு அண்ணி இப்பிடி பதறுறீங்க? என் தம்பி கால்வா வெட்டியிருக்கான் இல்ல, எல்லாம் அதுல போயிடும்" என்றாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டேன். முதல் படி நனைந்தது. இரண்டாவது படியும் நனைந்தது. அம்மா உள்ளே போய் ரசத்துக்குப் புளி கரைத்தாள். அப்படி ஒரு தைரியம்.

நான்தான் முதலில் பார்த்தேன். வாசல் பக்கம் மூன்றாவது படி காய்ந்தபடிதான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள்ளே பின்னறையிலிருந்து பாய் ஒன்று தானாக நகர்ந்து கூடத்துக்கு வந்தது. அதன் பின்னால் கறுப்பாகத் தண்ணீர். பின்கதவுக்கு அடியிலிருந்தும் குளியலறைத் தூம்பிலிருந்தும் கொப்பளித்துக்கொண்டு வந்தது. நான் கூப்பிட்டதும் அம்மா புளிக் கையோடு ஓடிவந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். "சத்தியம் பண்ணானேடி" என்று மட்டும் சொன்னாள், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் முன்தெருவும் ஏறிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் மாமா வந்து சேர்ந்தார். பென்னலூரிலிருந்து பாதித் தூரம் வண்டியில், மீதி நடந்து. தலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, காதில் பென்சில் மட்டும் அப்படியே இருந்தது. வந்தவர் அம்மாவைத் தூக்கி நிறுத்துவார் என்று பார்த்தேன். அவர் கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தை உற்றுப் பார்த்தார். பென்சிலை எடுத்து அங்கே ஒரு கோடு போட்டார். பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். அக்கா தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள், தம்பி டேப் பிடித்து அளக்கிறான்! அப்புறம் என் பக்கம் திரும்பி, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது என்று கேட்டார். பின்னாலிருந்து, கால்வாய்ப் பக்கத்திலிருந்து என்றேன்.

அவ்வளவுதான், ஓடினார். பின்கதவைத் திறந்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுகள் இருக்கும் பக்கமாக ஓடினார். அம்மாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"டேய்! அந்த சிலிண்டரயாவது தூக்கி வெச்சுட்டுப் போடா! டேய்!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அம்மாவும் எதிர் வீட்டு அத்தையுமாக முடிந்ததைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டோம். முடியாதது மிதந்தது. புது பீரோ, மாவு அரைக்கிற மெஷின், பால் பொங்கின அன்று எடுத்த பட்டுப் புடவை. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது, கிழக்கே ஷெட்டுகள் பக்கமிருந்து இரும்பில் எதையோ கொண்டு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

மாமா சாயங்காலம் மாடிக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து, கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். ஓரமாக உட்கார்ந்து அழுதார். பெரிய ஆள் ஒருவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் பீரோ போனதற்காக இவ்வளவு அழுகிறாரே என்று எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சமும் இளகவில்லை. எல்லோருக்கும் வந்த பொட்டலச் சோற்றில் அவருக்கு ஒன்றை எடுத்து வைக்கக்கூட அவள் கை நீளவில்லை. ஷிஃப்ட் முடிந்து அதற்குள் வந்து சேர்ந்திருந்த அப்பா தன்னுடையதைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினார். அதை அவர் தொடவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு, ஷெட்டில் ஒரு ஒடிசாப் பையன் செத்துவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்றும் பேசிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று சேற்றில் மாட்டி, ஆட்கள் தள்ளிவிட்டதைப் பார்க்க நாங்களும் ஓடினோம். பள்ளிக்கூடம் திறந்து அந்த வழியாகப் போனபோது பூட்டுகள் எல்லாம் உடைந்து, கதவுகள் திறந்து கிடந்தன. பச்சைக் கதவில் மட்டும் பூட்டு அப்படியே இருந்தது, கதவைத்தான் தகரத்தோடு பெயர்த்து எடுத்திருந்தார்கள். பாட்டுக் கேட்கவில்லை. அவன் வேறு ஷிஃப்ட்டுக்கு மாறிவிட்டான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா தன் தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கணக்குத் தப்பாகப் போனதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். மனுஷன்தானே, தப்பும் என்று அவளே எதிர் வீட்டில் சொன்னாள். அக்கா வீடு முழுகும்போது விட்டுவிட்டு ஓடினதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தள்ளிக்கொண்டே போன என் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி இல்லாமல், தூரத்து உறவு ஒருவர் மடியில் உட்கார வைத்தார்கள். மாமா சர்வே வேலையை விட்டுவிட்டு, ஒரு குடோனில் பெட்டி அடுக்கப் போய்விட்டார். பழையபடி மழை வந்தால் டிரம் கட்டிலுக்கு ஏறியது. அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள்.

அந்தச் சுவரில்தான் மாமா போட்ட கோடு இருந்தது. பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அம்மா அதை அழிக்கச் சொன்னாள். இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் அம்மா சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசாத அப்பா, "அது இருக்கட்டும்" என்றார். பெயின்டர் அந்த இடத்தைச் சுற்றி அடித்துவிட்டுப் போனான். தன் பிறந்த வீட்டு லட்சணத்தைத் தினமும் குத்திக்காட்டத்தான் இவர் அதை வைத்திருக்கிறார் என்று அம்மா நம்பினாள். அந்தக் கோட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவள் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறாள்.

நான் பிறகு பாலிடெக்னிக்கில் சிவில் எடுத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எடுத்தேன். இரண்டாம் வருஷம் ஒரு மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தபோது, லெக்சரர் பலகையில் மழமழவென்று ஒரு உருண்டை வரைந்தார். அதற்குள் மேடும் பள்ளமுமாக இன்னொரு கோடு வரைந்தார். எங்கள் வீட்டு அடுப்படியில் கேட்ட அதே கதை, தோசைக்கல் மட்டும் இல்லை. மெஷின் மேல் கோட்டிலிருந்து சொல்லும், தண்ணீர் கீழ்க் கோட்டைக் கேட்டுத்தான் ஓடும் என்றார். அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் எல்லா ஊர்லயும் ஒண்ணா இருக்காது. ஒரு ஊர்ல எடுத்த வித்தியாசத்த அடுத்த ஊருக்குத் தூக்கிக்கிட்டுப் போனா, தண்ணி உங்கள மன்னிக்காது" என்றார்.

குன்றத்தூரில் எடுத்த எண் குன்றத்தூருக்குத்தான் சரி. மேற்கே எங்கள் ஊருக்கு வருவதற்குள், கடல் மட்டம் தணிந்து கிடக்கிற அந்தப் பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்துவிடுகிறது. அதே எண்ணைக் கூட்டினால் எங்கள் நிலம் நிஜத்தைவிட அரை மீட்டர் உயரமாகத் தெரியும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். வீடு அரை மீட்டர் தாழ்வாகப் போனது என்றால் பீரோ போகும், புடவை போகும். ஆனால் கால்வாய்? ஓடைப் பக்கத்துக் கோடியை வேறு ஆட்கள் அங்கேயே இருந்த இன்னொரு கல்லிலிருந்து அளந்திருந்தார்கள், அது சரியான உயரம். எங்கள் பக்கம் மட்டும் காகிதத்தில் மேடு, தரையில் பள்ளம். ஓடையை நோக்கி இறங்குவதாக நினைத்து வெட்டின கால்வாய் எங்கள் பக்கமே இறங்கியிருந்தது. ஓடை நிரம்பியதும் தண்ணீர் அதில் திரும்பி வந்தது. திரும்பி வருகிற வழியில் முதலில் இருப்பது அந்த ஷெட்டுகள். அப்புறம்தான் நாங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் சுவரில் இருந்த அந்தக் கோட்டைக் காட்டினார்.

"என் கணக்கு தப்பு மாமா, பூட்ட ஒடைக்கத்தான் ஓடுனேன், ஒரு கதவு மட்டும் தொறக்கலன்னு மறுநாளே எங்கிட்ட சொல்லி அழுதான். காண்ட்ராக்டர் கிட்டயும் போய் சொன்னான், அவன் வாய மூடிக்கினு போடான்னுட்டான். அந்தக் கோட்ட அழிக்க வேணாம் மாமான்னு அவன்தான் கேட்டுக்கினான். உங்க அம்மா கிட்ட சொல்லாத. தம்பி ஓடிட்டான்ற கோவத்துலயாவது அவ இருக்கட்டும். இது தெரிஞ்சா தாங்கமாட்டா."

நானும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்கு அவள் தம்பி திரும்பக் கிடைப்பான், ஆனால் தான் நம்பி மூணடியே போடுங்க என்ற தம்பியின் அதே கணக்கில் ஒரு பிள்ளையின் சாவும் சேர்ந்து வரும். எது கொடுமை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மாமாவை எப்போதாவது குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். நல்லா இருக்கியா பாப்பா என்பார். கேள்வி எதுவும் கேட்பதில்லை.

எனக்கு மறக்காதது வேறு ஒன்று. அன்று கூடத்துத் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் என்னைக் கேட்டாரே, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று. அவர் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. ஊரில் ஓடுகிற தண்ணீரையெல்லாம் உற்றுப் பார்த்து வைத்திருந்தவள் அல்லவா, பதில் எனக்கு நன்றாகத் தெரியும். "பின்னாலேர்ந்து மாமா! கால்வா பக்கத்துலேர்ந்து!" என்று கத்திச் சொன்னேன். சரியான பதில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடின பிறகும், இன்றைக்கு மறந்துவிட்டார், திரும்பி வந்து கொடுப்பார் என்று, கடலை மிட்டாய்க்காகக் கையை நீட்டியபடியே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.